ரக்ரட்ஸ் டாமி யார் வீட்டுப் பிள்ளை?

#1 கொலுப்படி

என் மகளுக்கு ஏழு வயது. நியூ ஜெர்சியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கூடப் படிக்கும் சிநேகிதி ஒருத்தி போன வாரம் இவளிடம், "டாமி எங்க ஆளு" என்று சொல்லிவிட்டாளாம். டாமி என்றால் ரக்ரட்ஸ் கார்ட்டூனில் டயப்பரோடு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு திரியுமே, அந்த மொட்டைத்தலைக் குழந்தை. இவள் வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அவன் வீட்ல கிறிஸ்மஸ் தாத்தா வர்றாரே, அப்புறம் எப்படி யூதப் பையன் ஆவான்?"

எனக்குத் தெரியவில்லை. அந்த நிகழ்ச்சியைக் குழந்தைகள் தவழும் கார்ட்டூன் என்பதற்கு மேல் நான் பார்த்ததே இல்லை. இங்கே பழைய கார்ட்டூன் பைத்தியங்கள் இருக்கிறீர்களே, சொல்லுங்கள். டாமி மட்டும்தானா, வேறு யாராவது உண்டா?

#2 கேசட்_காலம்

அக்கா, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. உங்கள் மகளும் சரி, அவள் சிநேகிதியும் சரி.

டாமியின் அம்மா டீடி யூதர். அப்பா ஸ்டூ கிறிஸ்தவர். அதனால் அந்த வீட்டில் கிறிஸ்மஸும் உண்டு, யூதர்களின் ஹனுக்கா பண்டிகையும் உண்டு. டீடியின் அப்பா போரிஸ், அம்மா மிங்கா. இருவரும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், பேச்சில் அந்தப் பக்கத்து யூதர்களின் மொழியான யிட்டிஷ் வாடை அடிக்கும். ஒரு சுவாரசியம்: டீடிக்கும் அவள் அம்மா மிங்காவுக்கும் குரல் கொடுத்தது ஒரே நடிகைதான், மெலனி சார்ட்டாஃப். அம்மாவும் பெண்ணும் சண்டை போட்டால் அந்த அம்மா தனியாக மைக் முன்னால் நின்று தன்னோடு தானே மல்லுக்கட்ட வேண்டும்!

நிகழ்ச்சி 1991 ஆகஸ்டில் நிக்கலோடியன் என்கிற குழந்தைகள் சேனலில் தொடங்கியது. உருவாக்கியவர்கள் ஆர்லீன் கிளாஸ்கி, காபோர் சூப்போ, பால் ஜெர்மெயின். கிளாஸ்கி யூதர். சூப்போ ஹங்கேரியிலிருந்து வந்தவர், கிளாஸ்கியின் அப்போதைய கணவர். அவர்கள் வீட்டிலும் அப்போது சின்னப் பையன்கள் இருந்தார்கள்.

1992-இல் சேனல்காரர்கள் ஹனுக்கா ஸ்பெஷல் ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். எழுத்தாளர்களோ, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுபட்டதைக் கொண்டாடும் பஸ்காவில்தான் கதை இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது என்று சொல்லி அதை முதலில் எடுத்தார்கள். 1995 ஏப்ரல் 13-இல் பஸ்கா ஸ்பெஷல் வந்தது. 1996 டிசம்பர் 4-இல் ஹனுக்கா ஸ்பெஷல். இரண்டுமே பண்டிகை தொடங்குவதற்கு முந்தின நாள் ஒளிபரப்பு.

பஸ்கா ஸ்பெஷலை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். தாத்தா போரிஸ் பாட்டியோடு சண்டை போட்டுவிட்டு, முறுக்கிக்கொண்டு பரணில் போய் உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் தேடிப்போக, கதவு அடைத்துக்கொள்ளும். உள்ளேயிருந்து திறக்க முடியாது. என்ன செய்வது? தாத்தா கதை சொல்ல ஆரம்பிப்பார். எகிப்து, அடிமைகள், ஆற்றில் மிதந்து வந்த குழந்தை. டாமி மோசே. அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அடக்கி ஆளும் அஞ்சலிக்கா, கேட்கவே வேண்டாம், பார்வோன். அவளே அந்த வேஷத்தை எடுத்துக்கொள்வாள். தேடிவரும் பெரியவர்களும் ஒவ்வொருவராக அதே பரணில் மாட்டிக்கொள்வார்கள்.

எனக்கு அதில் பிடித்தது ஒன்று. "யூதர்கள் என்பவர்கள் யார் தெரியுமா குழந்தைகளே" என்று எங்கேயும் நிறுத்திப் பாடம் எடுக்க மாட்டார்கள். ஒரு தாத்தா, ஒரு பரண், ஒரு கதை. அவ்வளவுதான்.

#3 வெட்டிப்பேச்சு_வேலு

அடக் கடவுளே. டயப்பர் கட்டின குழந்தைக்குமா சாதிச் சான்றிதழ்? கார்ட்டூனைப் பார்த்தோமா, சிரித்தோமா என்று போகாமல் யார் என்ன மதம் என்று கணக்கெடுப்பு நடத்துகிறீர்கள். டாம் அண்டு ஜெர்ரியில் எலி எந்தக் கோயிலுக்குப் போனது என்று அடுத்து கேட்பீர்களா?

#4 கொலுப்படி

வேலு, கணக்கெடுப்பு நான் நடத்தவில்லை. ஏழு வயதுக் குழந்தை கேட்டது. அந்தச் சிநேகிதி சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்று என் மகள் நடித்துக் காட்டினாள், தோளை நிமிர்த்திக்கொண்டு. வகுப்பில் அவள் ஒருத்திதான் அந்த மதமாம். அவளுக்கு அது கணக்கெடுப்பு இல்லை.

எலி பற்றிக் கேட்டீர்களே. எலியும் உண்டு என்று இப்போதுதான் தேடிப் பார்த்தேன்! ஃபைவல் மௌஸ்கெவிட்ஸ். 1986-இல் ஸ்பீல்பெர்க் தயாரித்த படம், பிறகு 1992-இல் டிவி தொடராகவும் வந்தது. ரஷ்யாவிலிருந்து கப்பலேறி அமெரிக்கா வரும் யூத எலிக் குடும்பம். ஃபைவல் என்பது ஸ்பீல்பெர்க்கின் தாத்தா பெயர்.

#5 வெட்டிப்பேச்சு_வேலு

எலியே வந்துவிட்டதா. சரி, நான் ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

#6 பாளை_ரெபேக்கா

கேசட் தம்பி பஸ்கா, மோசே, பார்வோன் என்று எங்கள் வேதாகமத் தமிழில் எழுதியதைப் பார்த்து ஓய்வுநாள் பள்ளி ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு சின்னத் தகவல். ஹனுக்கா என்றால் நமக்குத் தெரியாத ஏதோ பண்டிகை என்று நினைக்கிறோம். யோவான் 10:22-இல் "தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை" என்று வருகிறதே, அது இதுதான். எருசலேம் தேவாலயத்தை மக்கபேயர் மீட்டு மறுபடி பிரதிஷ்டை செய்ததன் நினைவு. கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் மக்கபேயர் என்று இரண்டு நூல்களே இருக்கின்றன, எங்கள் பழைய வேதாகமத்தில் இல்லை. நான் அந்த வசனத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன்! அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை வீட்டில் ரக்ரட்ஸ் ஹனுக்கா ஸ்பெஷலைப் பார்த்த அன்றுதான் இரண்டும் ஒன்று என்று மண்டையில் ஏறியது. ஞானம் எங்கிருந்து வருகிறது பாருங்கள்.

அதில் ஜெப ஆலயத்தில் நாடகம் போடுவார்கள். "ஹனுக்காவின் அர்த்தம்" என்று பெரியவர்கள் சொல்வது குழந்தைகள் காதில் "ஹனுக்காவின் அரக்கன்" என்கிற மாதிரி விழும். ஆங்கிலத்தில் மீனிங், மீனி என்று ஒலி ஒத்துப்போகும். தாத்தாவின் பழைய வைரி ஷ்லோமோதான் அந்த அரக்கன் என்று முடிவுகட்டி அவனை அடக்கக் கிளம்பிவிடுவார்கள். கடைசியில் பார்த்தால் அந்த ஷ்லோமோ பிள்ளையில்லாத மனுஷன். மனைவியும் போய்விட்டாள். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தப் புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பிப்பான். இத்தனை நாள் அவனோடு வீம்பு பிடித்த போரிஸ் தாத்தா அப்படியே நிற்பார். கார்ட்டூனில் நான் கண் கலங்கியது அந்த ஒரு தடவைதான்.

#7 மொன்றியல்_சிவா

எங்கட வீட்டில பிள்ளையள் வளர்ந்தது 'ஆர்தர்' பார்த்துத்தான். 1996-இல் தொடங்கி 2022 வரை ஓடின நிகழ்ச்சி. அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியும் இங்கே மொன்றியலில் இருந்த நிறுவனமும் சேர்ந்து செய்தது. அதனால எங்களுக்கு ஒரு சொந்தம்.

அதில் ஃப்ரான்சீன் ஃப்ரென்ஸ்கி என்று ஒரு பெட்டை. யூதக் குடும்பம், அப்பாவும் அம்மாவும் இரண்டு பேருமே. உருவம் குரங்கு. ஆர்தரில் எல்லாருமே மிருகம்தானே. ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. ஃப்ரான்சீனின் தகப்பன் குப்பை லொறி ஓடுகிறவர். அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். அதே கதையில் பணக்காரப் பிள்ளை மஃபி, அவள் கிறிஸ்மஸ் கொண்டாடுகிறவள். யூதன் என்றால் காசுக்காரன் என்கிற பழைய பழியை ஒரு வார்த்தை பேசாமல் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். தகப்பனின் வேலையை நினைத்து ஃப்ரான்சீன் வெட்கப்படுகிற கதையும் ஒன்று உண்டு. அதில் யூதம் பற்றிப் பேச்சே இல்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வருசம் முழுக்க அவள் பந்து விளையாடுவாள், மேளம் அடிப்பாள், சண்டை பிடிப்பாள். இடையில ஒருநாள் ஹனுக்கா வரும்.

2000-இல் வந்த கிறிஸ்மஸ் ஸ்பெஷலில், மஃபியின் விருந்தும் ஃப்ரான்சீன் வீட்டு ஹனுக்காவும் ஒரே நாளில் மோதும். "உன்ர பண்டிகையை ஒரு நாளைக்கு விட்டிட்டு வா" என்கிற மாதிரி மஃபி நிற்பாள். ஃப்ரான்சீன் விட்டுக்கொடுக்க மாட்டாள். என்ர மகள் அப்ப தைப்பொங்கல் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை என்று அழுதுகொண்டிருந்தவள். அவளுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியிருக்கவில்லை.

#8 கேசட்_காலம்

சிவா அண்ணா, யூதர்களின் உபவாச நாளான யோம் கிப்பூர் பற்றிய ஃப்ரான்சீன் கதையை விட்டுவிட்டீர்கள். அவள் முதல் தடவையாக உபவாசம் இருக்க முயன்று தோற்றுப்போவாள். பாட்டிக்குக் குரல் ஜோன் ரிவர்ஸ்! அமெரிக்காவில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன நகைச்சுவை நடிகை. நம் ஊரில் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சிப் பாட்டிக்கு மனோரமா ஆச்சி குரல் கொடுத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துக்கொள்ள இன்னொருவர். கிம் பாசிபிள் கார்ட்டூனில் வரும் ரான் ஸ்டாப்பபிள். ஒரு கதையில் தன் பார் மிட்ஸ்வா சான்றிதழில் ரப்பி, அதாவது யூத மதகுரு, கையெழுத்துப் போடவே இல்லை என்று வருஷங்கள் கழித்துக் கண்டுபிடிப்பான். அப்படியானால் நான் ஆண்பிள்ளை ஆனேனா இல்லையா என்று ஒரே புலம்பல். 13 வயதில் பையன் மதக் கடமைகளுக்குப் பொறுப்பாகிற சடங்கு அது. வேலு அண்ணா கேட்ட சான்றிதழ் இதோ வந்துவிட்டது, கையெழுத்தில்லாமல்.

#9 சாம்பல்_பூனை

எனக்கு இந்தப் பட்டியலில் ஒரு அலுப்பு இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

யூத மதத்தில் ஹனுக்கா சின்னப் பண்டிகை. ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், பஸ்கா, சுக்கோத் இவையெல்லாம்தான் பெரியவை. ஹனுக்கா டிசம்பர் பக்கமாக வருவதால் கிறிஸ்மஸுக்கு ஜோடியாக நிறுத்திவிட்டார்கள். விளைவு, டிவியில் யூதப் பிள்ளை என்றால் பதினோரு மாதம் அவன் யாரென்றே தெரியாது. டிசம்பர் வந்ததும் திடீரென்று ஹனுக்கா விளக்கான மெனோராவோடு ஓடி வருவான். ஈவன் ஸ்டீவன்ஸ் என்கிற டிஸ்னி தொடரில் வரும் லூயியும் அப்படித்தான்.

டிஸ்னியின் 'எலேனா ஆஃப் அவலார்' தொடரில் 2019 டிசம்பரில் இளவரசி ரெபேக்கா என்று ஒருத்தி வந்தாள். டிஸ்னியின் முதல் யூத இளவரசி என்று பத்திரிகைகளில் வந்தது. கப்பல் உடைந்து அவலாரில் கரை ஒதுங்குவாள், அங்கே ஹனுக்கா கொண்டாடுவாள். லத்தீன் யூதர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதையே பல குழந்தைகள் அதில்தான் பார்த்திருப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் விருந்தாளி! இளவரசி பட்டத்தை ஒரு மாலைக்குக் கொடுத்து வழியனுப்பி வைத்தார்கள்.

அந்தக் கணக்கில் ரக்ரட்ஸ்காரர்கள் பஸ்காவை முதலில் எடுத்ததுதான் உண்மையான துணிச்சல். ஏப்ரல் மாதம், பக்கத்தில் கிறிஸ்மஸ் மரம் இல்லை, ஒப்பிட எதுவும் இல்லை.

#10 நீக்கப்பட்ட பதிவு

*நெறியாளர் குறிப்பு: இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. அமெரிக்கக் கார்ட்டூன் குழந்தைகளை அதற்குப் பொறுப்பாக்க வேண்டாம்.*

#11 கோடு_கிறுக்கன்

சென்னையில் அனிமேஷன் வேலை, பதினாறு வருஷமாக அடுத்தவர் கதாபாத்திரங்களை வரைந்து பிழைக்கிறேன். போரிஸ் தாத்தா என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது, ஏனென்றால் அந்த மூக்கால் ஒரு ரகளையே நடந்திருக்கிறது.

ரக்ரட்ஸ் செய்தித்தாள்களில் காமிக் துண்டாகவும் வந்துகொண்டிருந்தது. 1998-இல் வாஷிங்டன் போஸ்டில் வந்த ஒன்றில் போரிஸ் ஜெப ஆலயத்தில் கதீஷ் சொல்வதுபோல் வரைந்திருந்தார்கள். கதீஷ் என்பது இறந்தவர்களுக்காகத் துக்கம் காப்பவர் சொல்லும் ஜெபம். அதைச் சிரிப்புப் படத்தில் வைப்பதா என்று யூத எதிர்ப்புக்கு எதிரான அமைப்பான ஏடிஎல் கண்டித்தது. கூடவே, அந்தத் தாத்தாவின் உருவமே 1930-களின் நாஜிக் கேலிச்சித்திரங்களை நினைவூட்டுகிறது என்றது. பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. நிக்கலோடியனில் ஒரு அதிகாரி, அவரே யூதர், உருவத்தைப் பற்றிய குற்றச்சாட்டு அபத்தம் என்று சொல்லியிருந்தார். பிறகு சேனலின் தலைவர் விமர்சனத்தை ஏற்று மன்னிப்புக் கேட்டு, காமிக்கில் இனி அந்தத் தாத்தா வரமாட்டார் என்று சொல்லிவிட்டார்.

வரைகிறவன் கண்ணால் பார்த்தால் எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. அந்த ஸ்டுடியோவின் பாணியே கோணல்தான். ஸ்டூவின் தலைமயிரைப் பாருங்கள், டாமியின் சிநேகிதன் சக்கியின் அப்பா சாஸைப் பாருங்கள், டாமியின் மண்டையே ஒரு நசுங்கின எலுமிச்சம்பழம். ஒருத்தரும் அழகில்லை. அந்தக் கூட்டத்தில் போரிஸ் மட்டும் லட்சணமாக இருந்தால்தான் உறுத்தியிருக்கும். ஆனால் செய்தித்தாளில் வருவது மூன்று நான்கு கட்டம். அசைவு இல்லை, குரல் இல்லை, பேரனைத் தூக்கிக் கொஞ்சும் அந்த இழுவைப் பேச்சு இல்லை. மூக்கும் தாடையும் கூன் முதுகும் மட்டும் மிஞ்சும். டிவியில் தாத்தாவாக இருந்தவர் காகிதத்தில் கேலிச்சித்திரம் ஆகிவிடுவார். கோடு அதேதான்.

எனக்கே நடந்திருக்கிறது. ஒரு கடைக்காரக் கிழவனை வரைந்து கொடுத்தேன், பெயர் பெரிய நிறுவனம், சொல்லவில்லை. "மூக்கைக் கொஞ்சம் நீட்டு, கையைப் பிசைகிற மாதிரி வை" என்று திருத்தம் வந்தது. செய்தேன். மூன்றாவது திருத்தத்தில்தான் என்ன வரைந்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கஞ்சக் கிழவன் என்றால் கை தானாக அந்தப் பக்கம்தான் போகிறது. அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று கைக்குத் தெரியாது.

#12 வெட்டிப்பேச்சு_வேலு

கிறுக்கன் சார், நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இந்தப் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

ஒரு சந்தேகம். டாமி பாதி யூதனா, முழு யூதனா?

#13 பாளை_ரெபேக்கா

மரபுச் சட்டப்படி தாய் யூதர் என்றால் பிள்ளை யூதர்தான், பாதியெல்லாம் கிடையாது. தகப்பன் வழியிலும் ஏற்கலாம், பிள்ளையை யூதனாக வளர்த்தால் போதும் என்று அமெரிக்காவின் சீர்திருத்தப் பிரிவு 1983-இல் தீர்மானித்தது. ஆக டாமி எந்தப் பக்கம் பார்த்தாலும் உள்ளே.

#14 சாம்பல்_பூனை

ஒன்று கவனித்தீர்களா? டாமிக்கு அம்மா வழி. ஈவன் ஸ்டீவன்ஸ் லூயிக்கு அம்மா வழி. 2021-இல் வந்த 'கோஸ்ட் அண்டு மாலி மெகீ' கார்ட்டூனில் வரும் லிபிக்கும் அம்மா வழிதான். சட்டப்படி யூதன், ஆனால் வீட்டில் கிறிஸ்மஸ் மரமும் வைத்துக்கொள்ளலாம். சேனலுக்கு இரண்டு ஸ்பெஷலும் கிடைக்கும். எழுத்தாளர்கள் சொந்த வீட்டைப் பார்த்து எழுதியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஃப்ரான்சீன் மாதிரி இரண்டு பக்கமும் யூதராக இருக்கும் வீடு அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது.

#15 மொன்றியல்_சிவா

இஸ்ரேலில் 1983-இல் 'ரெஹோவ் சும்சும்' என்று, செசமி ஸ்ட்ரீட் என்கிற அமெரிக்கப் பிள்ளைகள் நிகழ்ச்சியின் ஹீப்ரு வடிவம் வந்தது. அங்கே பெரிய பறவைக்குப் பதிலாக முள்ளெலி. அதை ஒருத்தரும் யூதக் கதாபாத்திரம் என்று சொல்ல மாட்டினம். அது வெறும் முள்ளெலி. சுற்றிவர எல்லாரும் யூதராக இருந்தால் அடையாளம் காட்ட என்ன தேவை? எங்கட ஊரில எங்களை ஒருத்தரும் தமிழ்ப்பிள்ளை என்று சொன்னதில்லை. இங்க வந்த பிறகுதான்.

#16 கேசட்_காலம்

அமெரிக்காவில் அதைச் சொல்லாமலே செய்த ஒரு அம்மா இருந்தார். ஷாரி லூயிஸ், லாம்ப் சாப் என்கிற உறை பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு பேசுவாரே. யூதக் குடும்பம். அப்பா பேராசிரியர், பக்கத்தொழில் மந்திரவித்தை. நியூயார்க் மேயர் லா கார்டியா அவரை நகரத்தின் அதிகாரபூர்வ வித்தைக்காரராகவே அறிவித்திருந்தார். ஷாரி பல பத்தாண்டுகள் பொதுவான பாட்டும் வித்தையும்தான் செய்தார். 1995-இல்தான் லாம்ப் சாப்பின் ஹனுக்கா ஸ்பெஷல் வந்தது. ரக்ரட்ஸ் பஸ்காவும் அதே வருஷம். அந்த வருஷம் ஏதோ கதவு திறந்த மாதிரி இருக்கிறது.

#17 தாழ்வாரம்

இதுவரை படிக்க மட்டும் செய்தேன். ஒன்று விட்டுப்போகிறது.

ஆண்டி மாக். டிஸ்னி சேனல், 2017 முதல் 2019 வரை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. அதில் சைரஸ் குட்மன் என்கிற பையன். ஒரு கதையில் அவன் பாட்டி இறந்துவிடுகிறாள், ஷிவா நடக்கிறது. ஏழு நாள் துக்கம் காப்பது, நம் வீடுகளில் காரியம் வரை ஆள் வந்து போவது மாதிரி. நண்பர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு அந்த வீட்டு முறை எதுவும் தெரியாது. சாப்பாட்டு மேசை நிரம்பி இருக்கிறது. சைரஸ் தன் நண்பன் ஜோனாவுக்கு ஒவ்வொரு பதார்த்தத்தையும் கைகாட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே வருகிறான். அப்படிச் சொல்லிக்கொண்டு வரும்போதே, அதே மூச்சில், தான் கே, அதாவது தன்பாலீர்ப்பாளன், என்பதையும் சொல்லிவிடுகிறான். ஜோனா அதை அப்படியே வாங்கிக்கொள்கிறான்.

இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதினார்கள், டிஸ்னி சேனலில் முதல் தடவை என்று. நியாயம்தான். எனக்கு அந்த மேசைதான் நிற்கிறது. பாட்டி போன வீட்டில், வாழ்நாள் முழுக்கப் பார்த்த பண்டங்களுக்கு நடுவில் நின்றால்தான் அவனுக்கு அதைச் சொல்லத் தைரியம் வருகிறது. மெனோரா இல்லை, டிசம்பர் இல்லை. பூனை கேட்டது இதுதானே?

#18 சாம்பல்_பூனை

ஆமாம். இதைத்தான் கேட்டேன்.

#19 கொலுப்படி

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை பஸ்கா ஸ்பெஷலைத் தேடிப் பிடித்து இருவரும் பார்த்தோம். என் மகள் மூன்று தடவை பார்த்தாள். மோசே பிடித்தது, ஆனால் அவளுக்குப் பார்வோனாக வேண்டுமாம். ஃபிரிட்ஜுக்கு மேல் ஏறி உட்கார்ந்து எனக்குக் கட்டளை போடுகிறாள். பரண் இல்லாத அபார்ட்மென்ட்டில் பிறந்தது என் தப்பு என்கிறாள்.

திங்கட்கிழமை சிநேகிதியிடம் போய், "டாமி உங்க ஆளுதான், எங்க அம்மா கேட்டுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறாள். இந்த இழைதான் சாட்சி போலும். நேற்று அந்தக் குழந்தையின் அம்மா போன் செய்து, அடுத்த மாதம் பஸ்கா முதல் இரவு விருந்துக்கு எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டுவிட்டார். வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. இட்லி கொண்டு போகலாமா? மைதா இல்லை, ரொட்டி இல்லை, அரிசிதானே?

#20 பாளை_ரெபேக்கா

ஐயோ அம்மா, வேண்டாம்! புளிப்பில்லாத அப்பப் பண்டிகைக்குப் புளித்த மாவா?

விளையாட்டுக்குச் சொன்னேன். சட்டப்படி தடை கோதுமை, பார்லி மாதிரி ஐந்து தானியங்கள் புளிப்பதற்குத்தான். ஆனால் கிழக்கு ஐரோப்பா வழி வந்த குடும்பங்கள் பலவற்றில் அந்த எட்டு நாளும் அரிசி, பருப்பு, உளுந்து எதையும் தொடமாட்டார்கள். ஸ்பெயின் வழி வந்தவர்கள் அரிசி சாப்பிடுவார்கள். இவர்கள் எந்த வழியோ. போதாததற்கு, பஸ்காவுக்கென்று பாத்திரங்களையே மாற்றிவைக்கிற வீடுகளும் உண்டு, வெளியில் சமைத்தது எதுவும் உள்ளே போகாது. நறுக்காத பழம் கொண்டு போங்கள். பூ கொண்டு போங்கள். எதற்கும் அந்த அம்மாவையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. அன்றிரவு மேசையில் இருக்கும் பிள்ளைகளிலேயே சின்னது நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்பது முறை. உங்கள் மகள் கேள்வி கேட்பாள் என்றுதானே இந்த இழையே தொடங்கியது.

#21 கொலுப்படி

நான்குதானா! நான்கோடு நிறுத்துவாளா என்று தெரியவில்லை. சரி, ஆரஞ்சும் மல்லிகைத் தொட்டியும்.

#22 வெட்டிப்பேச்சு_வேலு

போய்விட்டு வந்து எழுதுங்கள். பஸ்காவுக்குச் சாப்பிடும் புளிக்காத ரொட்டியான மட்ஸா அப்பளம் மாதிரி இருக்குமா, காய்ந்த சப்பாத்தி மாதிரி இருக்குமா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.